பின்லாந்துப் பையனுக்கு எண்ணெய்க் குளியல்

ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவதுதான் ஓய்வு நேரம், மற்றதெல்லாம் வேலை. இதைப் படிப்பவர் ஆசிரியராக இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். ஆசிரியரைக் கட்டிக்கொண்டவராக இருந்தால் இன்னும் பலமாக ஆட்டியிருப்பீர்கள். நம் கஷ்டம் நமக்குத்தானே தெரியும்.

நான் லாபு பக்கத்தில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அம்பாங்கானிலிருந்து தினமும் கார் ஓட்டிக்கொண்டு போய், செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளியில் நுழைகிறவள். என் நான்காம் ஆண்டு வகுப்பு முழுவதையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அந்தச் சின்ன வகுப்பு வெளிநாடுகளைப் பற்றிக் கற்றுக்கொண்ட கதை இது. கற்றது அவர்கள், பட்டது நான்.

வேலை வந்த வழி

எங்கள் தலைமையாசிரியர் நல்லவர். காலையில் கைப்பேசியில் பள்ளியின் புலனக் குழுவில் அவர் அனுப்பும் பூப்போட்ட வணக்கத்துக்கு எல்லாரும் பதில் வணக்கம் போட்டாக வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒருநாள் வணக்கத்தோடு ஒரு திட்டத்தின் இணைப்பும் வந்தது. பிள்ளைகள் காகிதத்தில் ஒரு பொம்மையை வெட்டி, வண்ணம் தீட்டி, பெயர் வைத்து, வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். அங்கே ஒரு பிள்ளை அதைத் தன் வீட்டு விருந்தாளியாக வைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் கொண்டுபோய்ப் படம் எடுத்து அனுப்பும். அந்தப் பிள்ளை செய்த பொம்மை நம் பிள்ளையின் வீட்டுக்கு விருந்தாளியாக வரும். சில மாதம் கழித்து அவரவர் பொம்மை அவரவரிடம் திரும்பிவிடும். பூகோளமும் ஆச்சு, ஆங்கிலமும் ஆச்சு, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது தலைமையாசிரியரின் கணக்கு.

எங்களுக்கு ஜோடியாக வாய்த்தது பின்லாந்தின் வடக்கே ஒரு சின்னப் பள்ளி. யார் பொறுப்பெடுப்பது என்ற கேள்வி எழுந்ததும் ஆசிரியர் அறையில் இருந்த அத்தனை பேரும் மும்முரமாகப் புத்தகம் திருத்தத் தொடங்கினார்கள். நான் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். கையில் சிவப்புப் பேனா இல்லாமல் அந்த அறையில் நிற்கக்கூடாது என்பது இத்தனை ஆண்டு அனுபவத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார்.

“செலவில்லாத திட்டம் டீச்சர். காகிதம்தானே, அதுக்கு என்ன ஆயிடப் போகுது?”

வெளுப்பாகப் பிறந்தவர்கள்

பிள்ளைகளின் வண்ணப் பென்சில் பெட்டியில் ‘தோல் கலர்’ என்று ஒன்று இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் அந்த நிறத்துத் தோலை நான் இதுவரை யார்மீதும் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று என் வகுப்பில் பிறந்த பொம்மைகள் எல்லாம் அந்த நிறத்தில்தான் பிறந்தன. கவினேஷ் எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்களை வேலை வாங்குகிற மண்டோரின் மகன். அவன் பொம்மைக்கு ரப்பர் பூட்ஸ், தலைக்கவசம், கையில் அரிவாள் எல்லாம் இருந்தன, முகம் மட்டும் வெள்ளைக்காரத் துரையின் முகம். அப்பாவைப் பார்த்து வரைந்தாயா என்றேன். ஆமாம் என்றான். அப்பா இந்த நிறமா என்றேன். யோசிக்க ஆரம்பித்தான்.

ஒருத்தி மட்டும் பென்சில் பெட்டியைத் தொடவில்லை. லோஷினி. அவள் அப்பா குலை லாரி ஓட்டுகிறார், அம்மா சாந்தி எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நடத்துகிறார். அம்மாவிடம் போய்க் காப்பித் தண்ணீர் வாங்கி வந்து தூரிகையால் பூசினாள். காயவிட்டு மறுபடி பூசினாள். நடுநடுவே சின்னக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டாள். பாவாடைக்கு நீர்வண்ணத்தில் மயில் நீலம், ஓரத்துக்கு அம்மாவின் பழைய சேலையிலிருந்து வெட்டிய சரிகை. பெயர் பட்டு. மற்றவர்கள் விளையாடப் போன பிறகும் அவள் குனிந்த தலை நிமிரவில்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லாத பிள்ளை அது. அவள் செய்துகொண்டிருந்தது பொம்மை இல்லை, ஒரு தங்கச்சி என்பது பார்க்கிற யாருக்கும் புரிந்துவிடும்.

பாடவேளை முடியும்போது கவினேஷ் யோசித்து முடித்து எழுந்து நின்றான்.

“அந்த ஊர்ல வெயிலே அடிக்காதாம் டீச்சர். போனா எப்படியும் வெளுத்துடுவாரு, அதான் இப்பவே.”

உள்ளே இருப்பது என்ன?

வெளிநாட்டுக்கு அஞ்சல் அனுப்ப உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பரிசா, ஆவணமா, விளையாட்டுப் பொருளா என்று அஞ்சலக முகப்பில் இருந்த மலாய்க்கார அக்கா, அவர்கள் மொழியில் கக்கா, கேட்டார். பரிசு என்றால் திரும்பி வராது. ஆவணம் என்றால் அரிவாளோடு ஒரு மண்டோர் ஆவணத்துக்குள் என்ன செய்கிறார் என்ற கேள்வி வரும். விளையாட்டுப் பொருள் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவோடு வழியனுப்ப வந்திருந்த லோஷினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் முழுக்கதையையும் மலாயில் சொன்னேன். பக்கத்து முகப்பில் இருந்தவர்களும் எழுந்து வந்து கேட்டார்கள். என் பின்னால் நின்ற வரிசை நகராமல் நின்று என்னைச் சபித்தது. கடைசியில் அந்தக் கக்கா ‘காகிதம்’ என்று எழுதி, அதற்குக் கீழே தானாகவே ‘தெத்தாமு’ என்று சேர்த்தார். விருந்தாளிகள். அப்படியும் லோஷினி உறையின் ஒரு முனையை விடாமல் பிடித்திருந்தாள். கக்கா முகப்பின் மேல் சாய்ந்து, மலாயில், தன் பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

“விடு அடேக், போயிட்டு வரட்டும். சொந்த வீட்டுக்குத் திரும்பி வராம எங்க போயிடுவாங்க?”

பெரட்டுக்கு வந்த பெண்

பின்லாந்துப் பொம்மைகள் வந்து இறங்கின. கெட்டித் தாள், கம்பளி நூலில் தலைமுடி, ஒவ்வொன்றின் முதுகிலும் சுத்தமான கையெழுத்தில் பெயர். லோஷினிக்கு வந்தவன் ஏரோ. நீலக் குல்லாய் போட்ட பையன், அவனைச் செய்த சிறுமியின் பெயர் ஐனோ. அந்த ஐனோவின் வீட்டில்தான் எங்கள் பட்டு இருந்தாள். கவினேஷுக்கு வந்தவள் லூமி, மஞ்சள் சடை.

மறுநாள் விடிவதற்கு முன்பே லூமியை மண்டோர் மோட்டார் சைக்கிளில் வைத்துப் பெரட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்தக் கூட்டத்தில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும்தான் அதிகம். அவர்களுக்கு நடுவில் ஒரு குலைமேல் லூமி நிற்கிற படத்தைக் கவினேஷ் பெருமையாக அனுப்பிவைத்தான். இரண்டு நாளில் பின்லாந்து ஆசிரியையிடமிருந்து மிக மரியாதையான ஒரு மின்னஞ்சல் வந்தது. படம் அழகாக இருக்கிறது. ஆனால் லூமியிடம் வேலை வாங்கப்படுகிறதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மண்டோரைக் கூப்பிட்டு விவரம் கேட்டேன். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

“வேலையெல்லாம் குடுக்கல டீச்சர், பேரு மட்டும்தான் கூப்பிட்டேன். எல்லாரு பேரையும் கூப்பிட்டுட்டு அவள மட்டும் விட்டா அது மனசு கஷ்டப்படும்லா.”

பனியில் பாவாடை

இரண்டு நாட்டுப் படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரியும். எங்கள் படங்களில் விருந்தாளி எப்போதும் சாப்பாட்டின் முன்னால் இருக்கும். தோசை, நாசி லெமாக், கடைத்தெருவில் வாங்கிய கச்சாங் பூத்தே, கோயில் பொங்கல். ஏரோவின் வாயோரத்தில் வந்த முதல் வாரமே ஒரு மஞ்சள் கறை. அவர்கள் படங்களிலோ ஒரு வாய்ச் சோறு கிடையாது. மரம், ஏரி, மறுபடி மரம். மனிதரும் கிடையாது.

ஐப்பசி பிறந்ததும் வந்த படத்தில் பட்டு முழங்கால் உயரப் பனியில், பாவாடையோடு, தன்னந்தனியாக நின்றாள். அதைச் சிற்றுண்டிச்சாலையில் வைத்துக் காட்டியது என் புத்திகெட்ட வேலை. சாந்தி மீ நூடுல்ஸ் கிளறுகிற கரண்டியோடு வந்து கைப்பேசியை எட்டிப் பார்த்தார். படம் எடுக்கிற பிள்ளை எதிரில் நின்றுதானே எடுத்திருக்கும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பெண் பிள்ளையைக் காட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், அதுவும் கம்பளி கூட இல்லாமல் என்பது அவர் தீர்ப்பு. லோஷினி அன்று மீ சாப்பிடவில்லை. எனக்கே பொறுக்காமல் ஐனோவின் ஆசிரியைக்கு ஜாடையாக ஒரு வரி எழுதினேன். அடுத்த வாரம் படம் வந்தது. பட்டுவின் கழுத்தில் ஐனோ தானே பின்னிய சிவப்புக் கழுத்துத் துண்டு. லோஷினிக்கு முகம் மலர்ந்தது. சாந்திக்குப் பாதிதான்.

“மேல போத்துனது சரி டீச்சர். வயித்துக்கு என்ன போட்டாங்க?”

ஒரு சொட்டு நல்லெண்ணெய்

வீட்டுக்கு வந்த பிள்ளையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டியே தீருவது என்று சாந்தி அன்றே முடிவெடுத்துவிட்டார் போலிருக்கிறது. தீபாவளி காலையில், நான் இட்டிலிக்கு ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில், கைப்பேசியில் படங்கள் வரத் தொடங்கின.

முதல் படத்தில் சாமிப் படத்தின் முன்னால் குடும்பமே பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அப்பா, லோஷினி, லோஷினியின் மடியில் ஏரோ. இரண்டாவது படத்தில் சாந்தியின் விரல் ஏரோவின் உச்சந்தலையில் இருந்தது. எனக்கு இட்டிலி தொண்டையில் நின்றது. மூன்றாவது படத்தை நான் சொல்லத் தேவையில்லை. நல்லெண்ணெய் ஒரு சொட்டுதான். ஆனால் காகிதம் என்பது மனிதத் தலை இல்லையே. சாமி கும்பிட்டு முடிவதற்குள் எண்ணெய் குல்லாயிலிருந்து தாடைக்கு இறங்கியது. பலகாரத் தட்டு வருவதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. எண்ணெயோடு விட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்ற பழக்கதோஷத்தில் சாந்தி சீயக்காய் கரைத்த வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்திருக்கிறார். அதில் இடது கண் போயிற்று. கடைசிப் படத்தில் ஏரோ ஜிகினாத் தாளில் செய்த புதுச்சட்டை போட்டுக்கொண்டு முறுக்கின் முன்னால் சாய்ந்திருந்தான். அவன் வழியாகப் பின்னால் இருந்த தொலைக்காட்சி தெரிந்தது.

நான் அடித்துப் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் கூப்பிட்டேன். சாந்திக்கு என் பதற்றம் பிடிபடவே இல்லை.

“எம் பிள்ளைக்கு எண்ணெய் வச்சிட்டு, வந்த பிள்ளைய மட்டும் சும்மா உக்காந்து பாக்கச் சொல்றீங்களா டீச்சர்?”

வைத்தியம்

விடுமுறை முடிந்து ஏரோ ஒரு பிஸ்கட் டின்னில் படுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தான். ஆசிரியர் அறையே வைத்தியசாலை ஆனது. ஒருவர் முகப்பவுடர் தூவினார். ஒருவர் அரிசி மாவில் புரட்டச் சொன்னார். தண்ணீரில் விழுந்த கைப்பேசியை அரிசியில் புதைத்த அனுபவத்தை ஒருவர் நீட்டி முழக்கினார். அறிவியல் ஆசிரியர் நாளிதழுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டால் எண்ணெயைத் தாள் உறிஞ்சிவிடும் என்றார். உறிஞ்சியதென்னவோ உண்மைதான். கூடவே மிச்சமிருந்த கண்ணையும் உறிஞ்சிவிட்டது.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, இதற்கா இத்தனை கூட்டம், அச்சு அசலாக இன்னொன்று செய்து அனுப்பிவிடுங்கள் என்றார். ஓவியத்துக்குப் பேர்போன ஆசிரியை தயாராகவும் இருந்தார். லோஷினி ஒப்புக்கொள்ளவில்லை. பட்டுவுக்குப் பதில் அவர்கள் இன்னொரு பட்டுவைச் செய்து அனுப்பினால் தனக்குத் தெரியாமல் போகுமா என்று கேட்டாள். இதற்கு மேலே ஒரு சிக்கல். தீபாவளியன்றே தலைமையாசிரியர், சாந்தி அவருக்கும் அனுப்பியிருந்த ஏரோவின் எண்ணெய்ப் படத்தைப் ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்ற தலைப்பில் பள்ளியின் முகநூலில் போட்டிருந்தார். எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். பள்ளி தொடங்கிய நாள் முதல் எந்தப் பதிவுக்கும் இவ்வளவு விருப்பம் விழுந்ததில்லை என்று மறுத்துவிட்டார். அது யார் கண்ணில் பட்டதோ, படவில்லையோ, ஐனோவிடமிருந்து அதற்குப் பிறகு வருகிற படங்கள் குறைந்துகொண்டே வந்தன. டிசம்பர் கடைசியில் அடியோடு நின்றுபோயின.

வைத்தியம் நடந்த அன்று எல்லாரும் கலைந்த பிறகு லோஷினி டின்னை மூடிக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்தாள். அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழாமல் கேட்டாள்.

“நாம ஏரோவ இப்படி ஆக்கிட்டோம்னு தெரிஞ்சா, அவங்க பட்டுவ என்ன பண்ணுவாங்க டீச்சர்?”

தோழியின் ஆறுதல்

மனசு கேட்காமல் ரெம்பாவ் பக்கம் ஒரு பள்ளியில் வேலை செய்யும் என் தோழியைக் கூப்பிட்டேன். அவளும் இதே திட்டத்தில் மாட்டியவள், ஜோடி ஜப்பான். என் கதையை அவள் முழுக்கக் கேட்டாள். பிறகுதான் தன் கதையைச் சொன்னாள். கம்போங்கில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒரு கல்யாண விருந்துக்குப் பிள்ளைகள் ஜப்பான் விருந்தாளியை அழைத்துப் போயிருக்கிறார்கள். எல்லாரும் சாப்பிட்ட நேரத்தில் அதை வேலியோரம் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு கட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

“உனக்காவது திருப்பி அனுப்ப ஓர் உடம்பு இருக்குடி. எங்கிட்ட ஆடுதான் இருக்கு.”

திரும்பியவர்கள்

புத்தாண்டு பிறந்து, விருந்தாளிகளைத் திருப்பி அனுப்பும் நேரம் வந்தது. எங்கள் பெட்டியை அனுப்பினோம். அதில் ஏரோ இல்லை. லோஷினி அவனைக் கொடுக்க இன்னும் மனசு வராமல் இருந்தாள், நானும் வற்புறுத்தவில்லை. ‘ஏரோ கொஞ்சம் தாமதித்துத் தனியாக வருவான்’ என்று மட்டும் எழுதி வைத்தேன். சில நாளில் அவர்கள் பெட்டியும் வந்துவிட்டது. கவினேஷின் மண்டோர் தலைக்கவசத்துக்கு மேலே ஒரு பனிக்குல்லாயும் காலில் சறுக்குக் கட்டையுமாகத் திரும்பியிருந்தார். சொன்னபடி வெளுத்தும் இருந்தார். ஆளாளுக்கு மிட்டாயும் ஒட்டுப்படமும் கிடைத்தன. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தோம், பட்டு இல்லை. ஐனோவுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டுமாம், பட்டு தனியாக வருவாள் என்று அந்த ஆசிரியை ஒரு வரி எழுதியிருந்தார்.

லோஷினி அந்த வரியைப் படித்தாள். முகநூல் படத்தை அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினாள். அதற்குப் பிறகு வகுப்பில் அவள் கை தூக்கவே இல்லை. சாந்தியின் நிலைமை அதைவிட மோசம். தீபாவளியன்று என்னிடம் நியாயம் பேசிய அந்த அம்மா, மகள் இரவில் தூங்காமல் புரளுவதைப் பார்த்துப் பார்த்து உடைந்துபோனார். ஒருநாள் நாசி கோரெங்கில் உப்பே இல்லை, மறுநாள் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒருநாள் இடைவேளையில் அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

“எண்ணெய் வச்சது நான்தான்னு எழுதுங்க டீச்சர். எம்மேல இருக்கிற கோவத்த எங்கிட்ட காட்டட்டும், அந்தப் பிள்ளைய விட்டுடச் சொல்லுங்க.”

உறை

அந்த உறை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. சிற்றுண்டிச்சாலை மேசையில் வைத்துப் பிரித்தோம். லோஷினி, சாந்தி, நான், காணொளி எடுக்கத் தலைமையாசிரியர்.

வெளியே வந்தவள் பட்டுதான், வேறு பட்டு இல்லை. ஆனால் காகிதம் பொரித்த அப்பளமாக நெளிந்திருந்தது. காப்பி நிறம் நெற்றியிலிருந்து கோடு கோடாகக் கழுத்துக்கு வழிந்திருந்தது. மயில் நீலம் பாவாடையை விட்டு இறங்கிப் பாதத்தில் தேங்கியிருந்தது. கழன்ற சரிகையை யாரோ சின்ன விரல்களால் ஒட்டுநாடா வைத்து ஒட்டியிருந்தார்கள். விறகுப் புகை வாசனை வேறு. லோஷினி அவளைக் கையில் எடுக்கவில்லை. மேசையில் கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் கைப்பேசியைக் கீழே இறக்கினார். பழி வாங்கிவிட்டார்கள் என்று அங்கிருந்த நான்கு பேரும் நினைத்தோம், படித்தவளான நான் உட்பட.

உள்ளே ஐனோ ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதம் இருந்தது. நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் எங்கள் ஊரில் எல்லாரும் குளிப்போம். சின்ன மர அறை, அடுப்பில் சூடேறிய கற்கள், அவற்றின்மேல் தண்ணீர் ஊற்றினால் ஆவி வரும். அப்படிக் குளித்துவிட்டுத்தான் விருந்துக்கு உட்காருவோம். வீட்டில் எல்லாரும் உள்ளே போகும்போது பட்டுவை மட்டும் வெளியே விட எனக்கு மனசு வரவில்லை. மேல் பலகையில், நல்ல சூடு கிடைக்கிற இடத்தில் அவளை உட்கார வைத்தேன். அப்புறம் இப்படி ஆகிவிட்டது. அம்மா வேறொன்று செய்து அனுப்பு என்றார். லோஷினி கண்டுபிடித்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். அனுப்பப் பயமாக இருந்தது. தயவுசெய்து ஏரோவை ஒன்றும் செய்துவிடாதே.

கூட ஒரு படம் இருந்தது. பட்டு, ஈரமும் சுருக்கமுமாக, ஒரு பெரிய குடும்பத்துக்கு நடுவில், நிறையப் பரிமாறிய தட்டின் முன்னால் சாய்ந்திருந்தாள். சாந்தி அந்தப் படத்தை வாங்கி, கைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டில் என்னென்ன இருக்கிறது என்று நெடுநேரம் பார்த்தார். குளிப்பாட்டிவிட்டுத்தான் சோறு போட்டிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தலைமையாசிரியரிடம் எதற்கோ எரிந்து விழுந்தேன். நல்ல மனிதர், ஏனென்று கேட்கவில்லை.

லோஷினி கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிக் கடைசி வரியைத் தானே ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அந்தப் பிள்ளையும் இத்தனை நாளாகப் பயந்துகொண்டா இருந்தது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பட்டுவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்தாள். கண் இரண்டும் இல்லாமல், உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, ஏரோ உள்ளே படுத்திருந்தான். மன்னிப்பு எழுதி, கிழித்து, மறுபடி எழுதி வைத்திருந்த தாள்களை வெளியே எடுத்துப் போட்டாள். முகநூலில் வந்த அந்தத் தீபாவளிப் படத்தை, எல்லாரும் பலகையில் வரிசையாக உட்கார்ந்து எண்ணெய் வைத்துக்கொள்கிற படத்தை, அச்செடுத்துத் தரச் சொல்லித் தலைமையாசிரியரையே விரட்டினாள். அதை ஏரோவின் பக்கத்தில் வைத்து டின்னை என் கையில் கொடுத்தாள்.

“இன்னிக்கே அனுப்பிடலாம் டீச்சர். பாவம், அவ இன்னும் பயந்துகிட்டு இருப்பா.”

பின்லாந்தின் தலைநகரம் எதுவென்று கேட்டால் என் வகுப்பு இன்றும் கூரையைத்தான் பார்க்கும், ஆனால் அந்த ஊர் மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டால் மட்டும், பண்டிகை வந்தால் விருந்தாளிப் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கெடுக்காமல் விடமாட்டார்கள், நம்மைப் போலவே நல்லவர்கள் என்று ஒரே குரலில் சொல்லும்.